தானே மூடும் ஜன்னல்: கருவியை விற்குமுன் ஜன்னலைக் கேளுங்கள்

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் இரும்புக் கடைகளிலும் ஹார்டுவேர் கடைகளிலும் தார்பாய், நைலான் கயிறு, எம்-சீல், கொக்கி, தாழ்ப்பாள் என்று ஒரு தனி வியாபாரம் நடக்கும். சில ஆண்டுகளாக அந்தப் பட்டியலில் புதிதாக ஒரு பொருளும் சேர்ந்திருக்கிறது. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளிலிருந்தும், வயதான பெற்றோர் மட்டும் இருக்கும் வீடுகளிலிருந்தும் வருகிறவர்கள், "மழை வந்தால் ஜன்னல் தானாக மூடிக்கொள்ளக் கருவி இருக்கிறதாமே, உங்களிடம் கிடைக்குமா?" என்று கேட்கிறார்கள்.

கருவி இருக்கிறது, பல வகைகளில் இருக்கிறது. ஆனால் எல்லா ஜன்னலுக்கும் பொருந்தும் ஒரே கருவி இல்லை. பெட்டியின் மேல் உள்ள படத்தைப் பார்த்து விற்றால் சரக்கு பத்து நாளில் திரும்பி வரும், வாடிக்கையாளர் திரும்பி வர மாட்டார். ஆகவே இக்கருவிகள் எந்த அடிப்படையில் வடிவமைக்கப்படுகின்றன, எந்த ஜன்னலுக்கு எது பொருந்தும், எங்கே விற்கவே கூடாது என்பதை நம் உறுப்பினர்களுக்காக இங்கே தொகுத்துத் தருகிறோம்.

டோர் குளோசர் போதாதா?

கதவுக்கு டோர் குளோசர் விற்கிறோமே, அதையே ஜன்னலுக்கு மாட்டினால் என்ன என்று பலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். டோர் குளோசருக்குள் ஒரு சுருள்வில்லும் எண்ணெயும் இருக்கின்றன. நாம் கதவைத் திறக்கும்போது நம் கையின் பலம் வில்லில் சேமிக்கப்படுகிறது. கையை விட்டதும் வில் கதவை இழுக்கிறது. எண்ணெய் சிறு துளை வழியே மெல்லப் போவதால் கதவு படாரென்று அடிக்காமல் நிதானமாக மூடுகிறது.

கதவு எப்போதும் மூடியிருக்க வேண்டியது, ஜன்னல் அப்படியல்ல. அது நாள் முழுதும் திறந்தே இருந்து, மழை வரும் அந்த ஒரு நிமிடத்தில் மட்டும் மூட வேண்டும். எனவே ஜன்னல் மூடும் கருவி மூன்று வேலைகளைச் செய்ய வேண்டியிருக்கிறது.

1. காற்றில் ஆடாமல் ஜன்னலைத் திறந்த நிலையில் பிடித்துக்கொள்ள வேண்டும்.
2. மழையோ காற்றோ வந்ததை அறிந்து பிடியை விட வேண்டும்.
3. மூடி, மூடிய நிலையில் இறுக்கி வைக்க வேண்டும்.

சந்தையில் கிடைக்கும் மலிவான கருவிகளில் பல மூன்றாவது வேலையைப் பாதி மட்டுமே செய்கின்றன. கதவை இழுத்து விடும், ஆனால் தாழிடாது. பலத்த காற்றில் கதவு மறுபடி திறந்து அடித்துக்கொள்ளும். கொள்முதல் செய்யும்போது முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

தோட்டக்கலைப் பசுமைக் குடில்களுக்கு விற்கப்படும் மெழுகு உருளைக் கருவியையும் சிலர் "மின்சாரமே வேண்டாத ஜன்னல் கருவி" என்று விற்க முன்வருகிறார்கள். அதனுள் இருக்கும் மெழுகு வெயிலில் உருகிப் பருத்து ஜன்னலைத் தள்ளித் திறக்கும். குளிர்ந்தால் சுருங்கி மூடும். அதற்கு வெப்பம் தெரியும், மழை தெரியாது. நம் சமவெளி ஊர்களின் வெப்பத்தில் அது ஆண்டு முழுவதும் பெரும்பாலும் திறந்தே கிடக்கும்.

இனி ஜன்னல் வகைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கீல் வைத்து வெளியே திறக்கும் ஜன்னல்

நம் ஊர் வீடுகளில் மிகுதியாக இருப்பதும், தானியங்கிக் கருவிக்கு மிகக் கடினமானதும் இதுதான். கதவு வெளியே திறக்கிறது. உள்ளே கம்பியோ கிரில்லோ இருக்கிறது. அதற்கும் உள்ளே கொசுவலை. மோட்டாரை உள்ளே வைத்தால் அதன் கை கிரில்லையும் வலையையும் தாண்டி வெளியே போக வேண்டும். வெளியே வைத்தால் மழையும் வெயிலும் அதன் ஆயுளைக் குறைக்கும்.

இதற்கு ஒரு நல்ல வழி அமெரிக்க வீடுகளில் நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. ஜன்னல் சட்டத்தின் அடியில், உட்புறம் ஒரு சிறு கைப்பிடி. அதைச் சுழற்றினால் திருகுப் பல்சக்கரம் சுழன்று, வெளிப்புறம் உள்ள கை கதவைத் தள்ளும் அல்லது இழுக்கும். வலையைக் கழற்றவே வேண்டாம். கைப்பிடி இருக்கும் இடத்தில் சிறு மோட்டாரைப் பொருத்தினால் அதுவே தானியங்கி ஆகிவிடும். கிரில் உள்ள நம் ஜன்னல்களுக்கும் இந்த அமைப்பே ஏற்றது. சட்டத்தில் ஒரு துளை போதும்.

இந்த வகையில் நான்கு விஷயங்களை முன்கூட்டியே சொல்லி விற்க வேண்டும்.

முதலாவது, கதவு எவ்வளவு திறக்கும் என்பது. நம் மர ஜன்னல்களில் கதவைச் சுவரோடு ஒட்டும்வரை முழுதாகத் திறந்து வைக்கும் வழக்கம் உண்டு. அந்த நிலையில் நேராக இழுக்கும் எந்தக் கருவியாலும் கதவை அசைக்க முடியாது. இழுப்பு கீலின் மேலேயே விழுந்து வீணாகும். கருவி மாட்டிய ஜன்னல் ஏறத்தாழ செங்கோணம் வரைதான் திறக்கும் என்பதை வாடிக்கையாளர் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, நெம்புகோல் கணக்கு. 2 அடி அகலமுள்ள கதவின் ஓரத்தில் பிடித்து இழுத்தால் 2 கிலோ விசையில் மூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கருவியின் கை கீலிலிருந்து அரை அடியில் பொருத்தப்பட்டால் அங்கே 8 கிலோ விசை வேண்டும். தூரம் நான்கில் ஒன்றானால் விசை நான்கு மடங்கு. "கையால் லேசாகத்தான் மூடுகிறது" என்று வாடிக்கையாளர் சொல்வதை நம்பிச் சிறிய மோட்டாரைக் கொடுத்துவிடக் கூடாது.

மூன்றாவது, இரட்டைக் கதவு ஜன்னல். ஒரு கதவின் விளிம்பு மற்றதன் மேல் படியும்படி ஆசாரி இழைத்திருப்பார். அடியில் இருக்க வேண்டிய கதவு முதலில் மூட வேண்டும். மேலே படிவது அடுத்து மூட வேண்டும். இரண்டு கருவிகளும் ஒரே நேரத்தில் இயங்கினால் விளிம்புகள் முட்டி நிற்கும். எனவே ஒன்றன்பின் ஒன்றாக இயக்கும் வசதி உள்ள கருவியா என்று பார்க்க வேண்டும். ஒற்றைக் கருவியை மட்டும் விற்று அனுப்பினால் ஜன்னல் பாதிதான் மூடும்.

நான்காவது, மரம். கோடையில் விரலால் தள்ளினாலே மூடும் மரக் கதவு, மழை மாதத்தில் ஈரத்தை உறிஞ்சி ஊதிச் சட்டத்தில் பிடித்துக்கொள்ளும். கருவிக்கு வேலை வரும் அதே மாதத்தில்தான் கதவும் முரண்டு பிடிக்கிறது. ஆகவே மர ஜன்னலுக்கு முதலில் ஆசாரியை அழைத்து விளிம்பை இழைத்து, வெட்டிய ஓரங்களுக்கும் பெயிண்டோ வார்னிஷோ அடித்த பிறகே கருவி மாட்டச் சொல்ல வேண்டும்.

பக்கவாட்டில் தள்ளும் ஜன்னல்

அலுமினியம், யு.பி.வி.சி. தள்ளு ஜன்னல்கள் அடுக்குமாடி வீடுகளில் பெருகிவிட்டன. கருவிக்கு இவை சற்று எளிதானவை. கதவு வெளியே போவதில்லை. தண்டவாளத்தின் மேல் உருளையில் ஓடுகிறது. காற்று அதை எதிர்த்துத் தள்ளினாலும், ஓடும் திசையில் தள்ளுவதில்லை.

எடையைக் கண்டு பயப்பட வேண்டாம். கண்ணாடியின் எடை, ஒரு மி.மீ. தடிமனுக்குச் சதுர மீட்டருக்கு 2.5 கிலோ. 2 அடிக்கு 4 அடி அளவில் 5 மி.மீ. கண்ணாடி 9 கிலோ சொச்சம் வரும். சட்டத்தின் எடை தனி. ஆனால் நல்ல உருளையின் மேல் அதை நகர்த்த அந்த எடையில் சிறு பங்கு விசையே போதும். தண்டவாளத்தில் மணலும் செத்த பூச்சியும் அடைந்திருந்தால் கணக்கு மாறிவிடும். கருவி விற்கும்போதே உருளையையும் சேர்த்து மாற்றச் சொல்வது வாடிக்கையாளருக்கும் நல்லது, நமக்கும் ஒரு கூடுதல் வியாபாரம்.

இழுக்கும் முறைகளில் முக்கியமானவை மூன்று: பல் பட்டை அமைப்பு, பல் வைத்த வார், எடைக்கல்லும் கப்பியும். மூன்றாவது மிகப் பழையது. இங்கிலாந்தில் மேலும் கீழும் ஓடும் ஜன்னல்களின் சட்டத்துக்குள் இரும்புக் குண்டைக் கயிற்றில் தொங்கவிட்டுக் கதவின் எடையைச் சமன் செய்வார்கள். அதே உத்தியில், பக்கச் சுவரோரம் ஒரு குழாய்க்குள் எடையைத் தொங்கவிட்டு, கதவைத் திறக்கும்போது எடை மேலேறும்படி செய்தால், பிடியை விட்டவுடன் எடையே கதவை இழுத்து மூடும். பிடியை விடுவிக்கும் சிறு காந்தத்துக்கு மட்டுமே மின்சாரம் வேண்டும்.

மூன்று தடம் உள்ள ஜன்னலில் ஒரு தடம் கொசுவலைக் கதவுக்கானது. எந்தக் கதவு எந்தத் தடத்தில் ஓடுகிறது, கருவியின் கை வலைக் கதவில் இடிக்குமா என்பதை அளவெடுக்கப் போகும் ஆள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

மேல்கீல் ஜன்னலும் லூவரும்

மேலே கீல் வைத்து அடிப்பக்கம் வெளியே தள்ளித் திறக்கும் சிறு ஜன்னலுக்கு அதன் எடையே துணை. பிடியை விட்டால் தானே விழுந்து மூடும். வேகத்தைக் குறைக்க ஒரு சிறு டாம்பர் இருந்தால் போதும். சங்கிலி வெளியே நீண்டு தள்ளி, பின் உள்ளே சுருண்டு இழுக்கும் "செயின் ஆக்சுவேட்டர்" என்ற மோட்டார் முதலில் இத்தகைய ஜன்னல்களுக்காகவே பெயர் பெற்றது. கைக்கு எட்டாத மாடிப்படி ஜன்னல், கல்யாண மண்டபத்து உயர ஜன்னல், கிடங்கு ஜன்னல் இவற்றுக்கு இது மிகப் பொருத்தம். நம் வணிகர்களின் சொந்தக் கிடங்குகளிலேயே இதற்குத் தேவை இருக்கிறது. ஒரு மழையில் நனையும் சர்க்கரை மூட்டையின் விலையைக் கருவியின் விலையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

லூவர் எனப்படும் கண்ணாடிப் பட்டை ஜன்னலில் எல்லாப் பட்டைகளும் ஒரே தண்டில் இணைந்திருந்தால், அத்தண்டை ஒரு சிறு மோட்டார் அசைத்தால் போதும். 1851இல் லண்டனில் ஜோசப் பாக்ஸ்டன் வடிவமைத்த கண்ணாடி மாளிகைக் கண்காட்சிக் கட்டடத்திலேயே, வரிசையாக உள்ள காற்றுப் பட்டைகளை ஒன்றாக இணைத்து ஒரே இடத்திலிருந்து திறந்து மூடும் ஏற்பாடு இருந்தது. ஆனால் நம் குளியலறைகளில் உள்ள லூவர்களில் பல அசையாதவை. பட்டையைச் சொருகி வைத்த வகை. அவற்றுக்குக் கருவியே கிடையாது என்று நேராகச் சொல்லிவிடலாம்.

மழையை அறியும் தகடு

பெரும்பாலான கருவிகளோடு வருவது, இரு உலோகக் கோடுகள் சீப்புப் பற்கள்போல் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நிற்கும் சிறு தகடு. நீர்த்துளி இரண்டையும் தொட்டால் மின்சாரம் பாய்ந்து கருவிக்குச் செய்தி போகும். மலிவானது, ஆனால் குறைகள் உண்டு. இரவுப் பனியும் பறவை எச்சமும் அதற்கு மழைதான். கடலோர ஊர்களில் உப்புப் படிந்து, காற்றின் ஈரத்திலேயே மழை என்று ஏமாறும். இடைவிடாமல் நேர்மின்சாரம் பாய்ந்தால் கோடுகள் அரித்துப் போகும். நல்ல தகட்டில் கோடுகளுக்குத் தங்க முலாம் இருக்கும். அடியில் பனியை உலர்த்தச் சிறு சூடேற்றியும் இருக்கும்.

தகட்டை எங்கே வைப்பது என்பதில்தான் பல வீடுகளில் தவறு நேர்கிறது. மொட்டை மாடியில் வைத்தால் ஒவ்வொரு தூறலுக்கும் எல்லா ஜன்னலும் மூடும். சன்ஷேடு உள்ள ஜன்னலில் நேராக விழும் மழை உள்ளே வராது; சாரல்தான் வரும். தூறலுக்கெல்லாம் மூடி வீடு புழுங்கினால், வீட்டுக்காரர் எரிச்சலில் கருவியை அணைத்து வைத்துவிடுவார். அதற்குப் பிறகு பெருமழை வந்தாலும் அது வேலை செய்யாது. தகட்டை அந்தந்த ஜன்னலின் வெளித் திண்டை ஒட்டி, நீர் வழிந்தோடும்படி சாய்த்து, சாரல் படும் திசையில் வைக்கச் சொல்லுங்கள்.

காற்றும் மின்தடையும்

காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 36 கி.மீ. வேகக் காற்று, 2 அடிக்கு 4 அடி கதவை ஏறத்தாழ 4.5 கிலோ விசையால் தள்ளும். 72 கி.மீ. ஆனால் அது 18 கிலோ. முன்சொன்ன நெம்புகோல் கணக்கில், கீலிலிருந்து அரை அடியில் நிற்கும் கருவிக்கு இது முறையே 9 கிலோ, 36 கிலோ. புயலோடு மல்லுக்கட்டும் மோட்டார் செய்யத் தேவையில்லை; காற்று வலுக்குமுன்பே மூடிவிடும் கருவியே போதும்.

அடுத்தது மின்சாரம். புயல் நேரத்தில் முன்னெச்சரிக்கையாகவே மின்சாரத்தை நிறுத்துகிறார்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னை அருகே கரை கடந்தபோது மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து பல பகுதிகள் இருளில் கிடந்ததை நாம் மறக்கவில்லை. 230 வோல்ட் இருந்தால்தான் மூடும் என்ற கருவி, மிக அவசியமான நேரத்தில் உதவாது. ஆகவே வில், எடைக்கல், பேட்டரி ஆகியவற்றில் ஒன்றில் மூடுவதற்கான சக்தி முன்கூட்டியே சேமித்திருக்க வேண்டும். பேட்டரிக்கு அதிகச் செலவு ஆகாது. 24 வாட் மோட்டார் 20 வினாடி ஓடினால் செலவாவது வாட்-மணிக் கணக்கில் 0.13தான். 12 வோல்ட், 1.3 ஆம்பியர்-மணி கொண்ட சிறு பேட்டரி, பழசாகித் திறன் பாதியாகக் குறைந்தாலும் ஐம்பது முறைக்கு மேல் மூடித் தரும்.

இன்னொன்று. திருகுப் பல்சக்கர மோட்டார் மின்சாரம் இல்லாதபோதும் கதவை அசையாமல் பிடித்திருக்கும். பூட்டுப் போல இது நல்லதுதான். ஆனால் மோட்டார் பழுதானால் கையாலும் மூட முடியாது. கையால் விடுவிக்கும் நெம்பு அல்லது திருகு உள்ளதா என்று பார்த்துக் கொள்முதல் செய்யுங்கள்.

விரலும் உயிரும்

தானே மூடும் எதிலும் குழந்தையின் விரல் சிக்கக்கூடும். தடை பட்டவுடன் நின்று, பின்வாங்கும் வசதி கட்டாயம் வேண்டும். கார்களில் தானாக ஏறும் கண்ணாடி தடையில் பட்டால், அழுத்தம் 100 நியூட்டனை, அதாவது சுமார் 10 கிலோவைத் தாண்டுமுன் பின்வாங்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. கதவு, ஜன்னல் மோட்டார்களுக்கென்றே ஐ.இ.சி. 60335-2-103 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது. பெட்டியிலோ கையேட்டிலோ இந்த எண் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். வில்லாலும் எடைக்கல்லாலும் மூடும் கருவிகளுக்குப் பின்வாங்கத் தெரியாது; அவை மெல்ல மூட வேண்டும், இழுப்பும் குறைவாக இருக்க வேண்டும்.

இதைவிட முக்கியமானது, விற்கக் கூடாத இடம். கேஸ் கீசர் உள்ள குளியலறை ஜன்னலுக்கு இக்கருவியை எக்காரணம் கொண்டும் விற்காதீர்கள். மூடிய அறையில் எரியும் கேஸ், காற்றுக் குறைந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவை உண்டாக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிப்பவர் மயங்கி உயிரிழந்த நிகழ்ச்சிகளைச் செய்தித்தாள்களில் படித்திருக்கிறோம். உள்ளே ஒருவர் குளித்துக்கொண்டிருக்கும்போது வெளியே மழை தூறி ஜன்னல் தானாக மூடினால் என்ன ஆகும்? ஜெனரேட்டர் அறைக்கும் இதே விதி. காஸ் அடுப்பு உள்ள சமையலறை ஜன்னலையும் தவிர்க்கச் சொல்வதே நல்லது. ஒரு விற்பனை போனால் போகட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பொருளால் நேரும் தீங்குக்கு விற்பவரும் பொறுப்பாகும் நிலைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. தயாரிப்பாளர் யார் என்றே தெரியாத சரக்கை விற்பது, தயாரிப்பாளர் தராத உறுதிமொழியை நாமே தருவது, பொருளில் நாமே மாற்றம் செய்வது, தயாரிப்பாளர் தந்த எச்சரிக்கையை வாங்குபவரிடம் சேர்க்காமல் விடுவது ஆகியவை அவற்றுள் அடங்கும். பெயரில்லாப் பெட்டியில் வரும் சரக்கு மலிவு என்று வாங்கிக் குவிப்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். இறக்குமதிப் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, உற்பத்தி நாடு, அதிகபட்ச சில்லறை விலை இருக்க வேண்டும். கைப்பேசியாலோ ரிமோட்டாலோ இயங்குவதானால் மத்திய அரசின் டபிள்யூ.பி.சி. பிரிவின் ஒப்புதல் உண்டா என்றும் மொத்த வியாபாரியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கல்லாவில் கேட்க வேண்டிய கேள்விகள்

1. ஜன்னல் எப்படித் திறக்கிறது? கீலா, தள்ளுவதா, மேல்கீலா, லூவரா? (கைப்பேசியில் படம் எடுத்து வரச் சொல்லலாம்.)
2. கிரில், கொசுவலை எந்தப் பக்கம்?
3. ஒரு கதவா, இரண்டா? எது முதலில் மூடும்?
4. மரமா, அலுமினியமா, யு.பி.வி.சி.யா? மழைக்காலத்தில் பிடிக்கிறதா?
5. ஸ்பிரிங் தராசைக் கதவின் ஓரத்தில் மாட்டி இழுத்தால் எத்தனை கிலோ காட்டுகிறது?
6. கடலிலிருந்து எவ்வளவு தூரம்? (அருகில் என்றால் திருகு, கை எல்லாம் 316 தர எவர்சில்வரில் வேண்டும், 304 தரத்திலேயே துருப்புள்ளி வரக்கூடும்.)
7. அந்த அறையில் கேஸ் கீசரோ அடுப்போ இருக்கிறதா?

இந்த ஏழு கேள்விகளுக்கு ஐந்து நிமிடம் போதும். ஸ்பிரிங் தராசு ஒன்றைக் கடையில் வைத்திருந்து இரவல் கொடுத்தாலும் நட்டமில்லை.

கடைசியாக ஒரு வார்த்தை. கோவையில் மோட்டார் செய்யும் பட்டறைகள் இருக்கின்றன. பூட்டுக்குப் பெயர் பெற்ற திண்டுக்கல் இருக்கிறது. கார் உதிரிபாகத் தொழிலில் சென்னை முன்னணியில் நிற்கிறது. கார் வைப்பர் மோட்டாரும் திருகுப் பல்சக்கரம் கொண்ட 12 வோல்ட் மோட்டார்தான். கிரில்லும் வலையும் இரட்டைக் கதவும் உள்ள நம் ஜன்னலுக்கென்றே ஒரு கருவி செய்யத் தேவையான அனைத்தும் நம் மாநிலத்திலேயே கிடைக்கின்றன. வெளிநாட்டு ஜன்னலுக்குச் செய்த கருவியை நம் ஜன்னலில் திணிப்பதைவிட, வாடிக்கையாளர் சொல்லும் குறைகளைக் குறித்து வைத்து உள்ளூர்ப் பட்டறைக்காரரிடம் எடுத்துச் சொல்வது நமக்கும் அவருக்கும் பலன் தரும். அடுத்த பருவமழைக்குள் அந்த முயற்சியை நம் உறுப்பினர்கள் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.